பெர்த்தில் அண்ணனோடு சேர்ந்து கேரவன் வாங்குகிறோம்: 5 பேருக்கு எது சரிவரும்?

செங்காங்_செல்வா
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூர், என் அண்ணன் குடும்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறது. பள்ளி விடுமுறை வந்தாலே நாங்கள் அங்கே கிளம்பிவிடுவோம், ஆனால் ஊர் சுற்றும்போது அறை வாடகைக்கே பாதிக் காசு போய்விடுகிறது. இப்போது அண்ணன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். இரண்டு வீடும் பாதிப் பாதி போட்டு பழைய கேரவன் ஒன்றை வாங்கி அவர் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிடலாம், ஈஸ்டருக்கு அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், ஜூனிலும் நவம்பர் டிசம்பரிலும் நாங்கள் போய் அவருடைய டீசல் எஸ்யூவியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு கேரவன் பார்த்து வைத்திருக்கிறார். முதலாவது 21 அடி, இரட்டை அச்சு, மூன்று அடுக்குப் படுக்கை, உள்ளேயே குளியலறை, கழிவறை, துணி துவைக்கும் இயந்திரம்கூட உண்டு. தகட்டில் ஏடிஎம் 2800 கிலோ என்று போட்டிருக்கிறது, அதாவது சாமான் எல்லாம் ஏற்றியபின் இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவது 18 அடி பாப்டாப், கூரையை மேலே தூக்கிவிடும் வகை, இரண்டு அடுக்குப் படுக்கை, குளியலறை இல்லை, ஏடிஎம் 2200.

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 68 வயது அம்மா. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெரியதுதான் பிடித்திருக்கிறது. அண்ணன் வண்டி 3000 கிலோ இழுக்கும் என்று கையேட்டில் இருக்கிறது, 2800 அதற்குள் அடங்கிவிடுகிறது, அதனால் பெரியதையே முடித்துவிடலாம் என்பது அண்ணன் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கேனிங்வேல்_ராஜா
தம்பி, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, நல்ல காரியம். நான் பெர்த்தில்தான் இருக்கிறேன், கேரவன் இழுத்துப் பல வருடமாகிறது. இங்கே விற்பவர்கள் எல்லாரும் அந்த 3000 என்ற ஒற்றை எண்ணைத்தான் காட்டுவார்கள். அது வண்டியின் இழுவைத் திறன், அவ்வளவுதான். உங்கள் குடும்பத்துக்கு முதலில் முட்டப்போவது அந்த எண் இல்லை, வண்டி தன் முதுகில் எவ்வளவு சுமக்கலாம் என்ற எண்.

கேரவனின் முன்மூக்கு வண்டியின் பின்னால் இருக்கும் டோபாலில், அதாவது கேரவனை மாட்டும் இரும்புக் குண்டில், உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்தும். கேரவன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்க வேண்டும், அப்போதுதான் சாலையில் ஆடாமல் வரும். அந்த அழுத்தம் முழுவதும் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும். கூடவே வண்டிக்குள் உட்காரும் ஆட்கள், பெட்டி, கூரையில் கட்டியது எல்லாம் அதே கணக்கில்தான். அண்ணனிடம் கேட்டு வண்டியின் ஜிவிஎம் (சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய மொத்த எடை) எவ்வளவு, வெறும் எடை எவ்வளவு, தொழிற்சாலைக்குப் பிறகு என்னென்ன பொருத்தினார், இந்த மூன்றையும் போடுங்கள். டோபாலில் எவ்வளவு இறக்கலாம் என்பதற்கும் தனி வரம்பு இருக்கும், அதையும்.

செங்காங்_செல்வா
கேட்டுவிட்டேன் அண்ணே. ஜிவிஎம் 2990, வெறும் எடை 2330. முன்னால் கங்காரு மோதினால் தாங்கும் இரும்புக் கம்பி, டோபாலைத் தாங்கும் டோபார், கூரைத் தட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 90 கிலோ. டோபால் வரம்பு 300 கிலோ. எங்கள் எடை 75, 62, 38, 22, அம்மா 58.

பிரைம்மூவர்_முத்து
நான் துறைமுகத்தில் கொள்கலன் இழுப்பவன். தினமும் எடையோடுதான் வாழ்க்கை, அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2990இல் 2330 போனால் 660. இரும்புச் சாமான் 90 போனால் 570. இந்த 570 கிலோதான் உங்கள் அண்ணன் வண்டியின் முழு முதுகு. பெரிய கேரவன் 2800 என்றால் டோபாலில் 280 இறங்கும். மீதி 290. உங்கள் ஐந்து பேர் 255. கையில் நிற்பது 35 கிலோ, தம்பி. அம்மாவின் மருந்துப் பை, பிள்ளைகளின் இருக்கை, ஒரு குளிர்பெட்டி, தண்ணீர் பாட்டில்கள், அதோடு முடிந்தது. வண்டி கிளம்பும், மலையும் ஏறும், ஆனால் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரம் லேசாகிப் பிடிமானம் குறையும், வளைவில் ஸ்டீரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. வரம்புக்கு மேல் ஏற்றிவிட்டு விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் எடையாகத்தான் இருக்கும்.

அதே கணக்கை 2200 கிலோ பாப்டாப்புக்குப் போட்டால் டோபாலில் 220, கையில் 95 நிற்கிறது. அதுவும் தாராளம் இல்லை, ஆனால் ஒரு குடும்பம் ஓட்டலாம்.

அடுத்தது கேரவனின் சொந்தச் சுமை. தகட்டில் டேர் என்று இன்னொரு எண் இருக்கும், அது காலி எடை. ஏடிஎம்மில் டேரைக் கழித்தால் வருவதுதான் உள்ளே ஏற்றக்கூடியது. பெரியதன் டேர் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. 450 கிலோ இடம் இருக்கிறது என்றே வையுங்கள். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் 160 கிலோ. 9 கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு என்றால் இரும்போடு சேர்த்து 36, 37 கிலோ. மீதி 250 சொச்சத்தில் வெளிக்கூடாரம், நாற்காலி, மேசை, பாத்திரம், அரிசி பருப்பு, ஐந்து பேர் உடுப்பு, மெத்தை விரிப்பு, சைக்கிள் எல்லாம் அடங்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் பிறகு ஏசி, சோலார், இரண்டாவது பேட்டரி என்று பொருத்தியிருந்தால் அத்தனையும் இந்த இடத்தைத்தான் தின்றிருக்கும், தகட்டில் டேர் மாறியிருக்காது. துணி துவைக்கும் இயந்திரம் வேறு! 5 வெள்ளியோ 6 வெள்ளியோ கொடுத்தால் கேரவன் பார்க்கில் துவைத்துவிட்டு வரலாம்.

ஜூரோங்_மீனா
எடைக் கணக்கை அண்ணன்மார் பார்த்துக்கொள்ளட்டும், நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். செல்வா, அம்மா எங்கே படுக்கப் போகிறார்? நீங்கள் எழுதியதில் அது இல்லவே இல்லை.

மூன்றடுக்குப் படுக்கையில் கீழ்த்தட்டு அம்மாவுக்கு என்று நினைத்திருந்தால் தயவுசெய்து ஒருமுறை நீங்களே போய்ப் படுத்துப் பாருங்கள். மேல் தட்டு முகத்துக்கு நேரே இருக்கும், எழுந்து நேராக உட்கார முடியாது. முட்டிவலி உள்ள ஒருவர் இரவில் எப்படி எழுந்திருப்பார்? சாப்பாட்டு மேசையை இறக்கிப் படுக்கையாக்கலாம் என்பார்கள். ஆக்கலாம்தான், ஆனால் பிள்ளைகள் ஒன்பது மணிவரை அங்கே சீட்டு விளையாடுவார்கள், அம்மா எட்டு மணிக்கே சாய நினைப்பார், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால் காபி போடக்கூட மேசை இருக்காது. என் மாமியாரோடு போனபோது நாங்கள் செய்தது இதுதான்: பெரிய கட்டிலை அத்தைக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு நானும் கணவரும் மேசைப் படுக்கையில். அந்தக் கட்டில் மூன்று பக்கமும் நடக்க இடம் உள்ளதாக இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டிப்போட்டது என்றால் உள்பக்கம் படுத்தவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வாசல் படி எவ்வளவு உயரம், பிடித்து ஏறக் கைப்பிடி இருக்கிறதா என்றும் பாருங்கள், பலதில் முதல் படியே முழங்கால் உயரம்.

கழிவறை விஷயத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் நான். குளிப்பதற்குக் கேரவன் பார்க் குளியலறை நன்றாகவே இருக்கும், ஆனால் நள்ளிரவில் வயதானவரும் ஆறு வயதுப் பிள்ளையும் டார்ச் அடித்துக்கொண்டு நூறு மீட்டர் நடப்பது சிரமம். கேசட் கழிவறை, அதாவது கழிவு சேரும் பெட்டியைக் கழற்றி எடுக்கும் வகை, மட்டும் உள்ள சிறிய கேரவன்கள் உண்டு, அதைத் தேடச் சொல்லுங்கள். கேசட்டை வெளியே இழுத்துக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்ட வேண்டும், அந்த வேலை யாருடையது என்பதை இரண்டு வீடும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சமையல். நம் சமையலுக்கு உள் அடுப்பு ஒத்துவராது. மிளகாய் தாளித்தால் அந்த நெடி மெத்தையில், திரையில், துணியில் ஏறிப் பயணம் முடியும்வரை கூடவே வரும். வெளியே இழுத்து நிறுத்தும் அடுப்பும் அதன்மேல் வெய்யில் மறைப்பும் இருந்தால் தோசையே சுடலாம். ரைஸ் குக்கர் வேண்டுமென்றால் மின்சார வசதி உள்ள இடமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். கறிவேப்பிலையை இங்கிருந்து பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பச்சை இலையை ஆஸ்திரேலியாவுக்குள் விடமாட்டார்கள். மசாலாப் பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் பயணிகள் வருகை அட்டையில் குறித்துக் காட்டிவிடுங்கள்.

யீஷூன்_ரவி
இவ்வளவு கஷ்டம் எதற்கு? மோட்டார்ஹோம், அதாவது வண்டியும் வீடும் ஒன்றாக இருப்பது, வாடகைக்கு எடுங்கள். இழுப்பதும் இல்லை, கேரவனோடு பின்னோக்கி எடுக்கும் பயமும் இல்லை, வருடம் முழுக்கப் பராமரிப்பதும் இல்லை. சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாப் பயணியாக ஓட்டலாம். வருடத்தில் சில வாரம் பயன்படுத்தும் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் முடக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேனிங்வேல்_ராஜா
ரவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அண்ணன் அங்கே இல்லாமல் செல்வா மட்டும் என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். இங்கே கார் வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் காரில் கேரவன் மாட்டவே விடாது, ஆக சொந்த வண்டி இருப்பவர்களுக்குத்தான் இழுக்கும் கேரவன்.

ஆனால் மோட்டார்ஹோமில் பிள்ளைகளோடு ஒரு சங்கடம் உண்டு. மார்கரெட் ரிவர் என்ற ஊரில் நிறுத்திக் கூடாரம் விரித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாயிற்று, பால் தீர்ந்துவிட்டது என்றால் வீட்டையே மூட்டை கட்டிக் கடைக்கு ஓட்ட வேண்டும். கேரவன் என்றால் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஐந்து நிமிடம். பிள்ளை இருக்கை இன்னொன்று. இங்கே 7 வயது ஆகும்வரை அங்கீகரித்த இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும், அதுவும் ஆஸ்திரேலியத் தரச்சான்று உள்ள இருக்கை. சிங்கப்பூர் இருக்கை செல்லாது, அண்ணனையே ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மோட்டார்ஹோமில் எல்லா இருக்கையிலும் அதை மாட்ட முடியாது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரக்கூடாது, அம்மா படுத்துக்கொண்டு வரட்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ப் பள்ளி நவம்பர் பிற்பகுதியில் மூடிவிடும், இங்கே டிசம்பர் நடுப்பகுதி தாண்டும்வரை பள்ளி நடக்கும். இடையில் உள்ள அந்த வாரங்கள் உங்களுக்குக் கிடைத்த வரம். தெற்கே போங்கள், பெம்பர்டன், ஆல்பனி, முடிந்தால் எஸ்பரன்ஸ். உள்ளூர்ப் பள்ளி மூடியபின் இடமே கிடைக்காது. ஜூனில் தெற்கு குளிர், மழை. அப்போது வடக்கே எக்ஸ்மவுத் அருமை, ஆனால் பெர்த்திலிருந்து 1250 கிலோமீட்டர், சிங்கப்பூரைக் கிழக்கு மேற்காக 25 தடவை கடப்பதற்குச் சமம். கேரவனோடு ஒரே நாளில் வேண்டாம், நடுவில் இரண்டு இரவு தங்குங்கள். கோடையில் முழு நெருப்புத் தடை அறிவித்த நாளில் வெளியே விறகு மூட்டக்கூடாது, கேஸ் அடுப்புக்கும் விதி உண்டு, காலையில் பார்த்துவிட்டுச் சமையலைத் தொடங்குங்கள்.

ஆங்மோகியோ_புதியவன்
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சிங்கப்பூரிலேயே ஒரு சின்னது வாங்கி வைத்து ஜோகூர் பக்கம் இழுத்துப் போக முடியாதா?

பிரைம்மூவர்_முத்து
எங்கே நிறுத்துவீர்கள் தம்பி? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் 4.8 மீட்டருக்கு 2.4 மீட்டர். 18 அடிப் பெட்டியே 5.5 மீட்டர், முன்னால் நீளும் இரும்பையும் சேர்த்தால் ஏழு மீட்டரை நெருங்கும். இங்கே இருப்பவர்களுக்கு அனுமதி வாங்கி ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலோ பாசிர் ரிஸ் பூங்காவிலோ கூடாரம் போடுவதுதான். செல்வாவும் அதைச் செய்யலாம். மழையில் ஓர் இரவு ஐந்து பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எவ்வளவு பெரிய கேரவன் வேண்டும் என்பதே மாறிவிடும்.

செங்காங்_செல்வா
முத்து அண்ணன் கணக்கை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே தொலைபேசியில் அழைத்தார், இந்த 35 கிலோவை அவரும் எதிர்பார்க்கவில்லை. மனைவியும் எண்களைப் பார்த்துவிட்டுப் பெரியது வேண்டாம் என்கிறார், ஆனால் கழிவறையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை, மீனா அக்கா எழுதியது அவருக்குப் பெரிய பலம். அம்மாவைக் கேட்டேன். "எனக்குக் கால் நீட்ட இடம் இருந்தால் போதும், பேத்தி பக்கத்தில் படுக்கட்டும்" என்கிறார். ஆக அக்கா சொன்ன ஏற்பாடுதான்.

இப்போது அண்ணன் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். 19 அடி, அலுமினியச் சட்டம், இரண்டு அடுக்குப் படுக்கை, மூன்று பக்கமும் நடக்கக்கூடிய கட்டில், குளியலும் கழிவறையும் ஒரே சின்ன அறையில், வெளி அடுப்பு உண்டு. டேர் 1960, ஏடிஎம் 2400. எட்டு வருடப் பழசு. என் கேள்வி இரண்டு. பழைய கேரவனில் எதைப் பார்க்க வேண்டும்? நான் வாழ்க்கையில் எதையும் இழுத்து ஓட்டியதில்லை, அது பின்னால் ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

பிரைம்மூவர்_முத்து
ஓட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆட்டத்துக்குப் பெரும்பாலும் ஏற்றும் விதம்தான் காரணம். பாரம் சக்கரத்துக்கு மேலே, தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும். அடுக்குப் படுக்கை பின்னால் இருக்கும் கேரவனில் பிள்ளைகளின் சாமான் எல்லாம் தானாகவே பின்னால் சேரும், அதற்கும் பின்னால் சைக்கிளைத் தொங்கவிட்டால் முன்மூக்கு லேசாகிவிடும், டோபாலில் அழுத்தம் குறையும், பெரிய லாரி கடந்து போகும் காற்றுக்கே வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டீரிங்கைத் திருப்பிச் சரிசெய்யவும் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டீரிங்கை நேராகப் பிடியுங்கள், டாஷ்போர்டில் உள்ள பிரேக் கட்டுப்பாட்டுப் பொத்தானை அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்கச் செய்யுங்கள். பின்னால் இருப்பது இழுத்துப் பிடித்தால் இரண்டும் நேராகிவிடும். அந்தப் பொத்தான் அண்ணன் வண்டியில் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் முதலில் பொருத்துங்கள், 750 கிலோவைத் தாண்டிய கேரவனுக்குப் பிரேக் கட்டாயம், 2000 தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், கழன்றுகொண்டால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும்.

பின்னால் எடுப்பதற்கு: கையை ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தில் வையுங்கள். கேரவனின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கிவிட்டால் முன்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, துறைமுகத்தில் நாங்களும் அப்படித்தான் பழகினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான திடல் ஒன்றில் அண்ணனோடு இரண்டு மணி நேரம் பழகிவிட்டு நெடுஞ்சாலைக்குப் போங்கள். அண்ணனின் காப்புறுதியில் வெளிநாட்டு உரிமம் உள்ள ஓட்டுநராக உங்கள் பெயரைச் சேர்க்க மறக்க வேண்டாம்.

கேனிங்வேல்_ராஜா
பார்க்கும் வேலையை நான் சொல்கிறேன். பழைய கேரவனுக்கு எதிரி தண்ணீர்தான். எஞ்சின் கிடையாது, அதனால் பழுதாகும் பெரிய செலவு சுவருக்குள்தான் ஒளிந்திருக்கும். கதவைத் திறந்ததும் மூச்சை இழுங்கள். பூஞ்சை வாடையோ, அதை மறைக்க அடித்த வாசனையோ வந்தால் சந்தேகப்படுங்கள். மேல்மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றி, அடுக்குப் படுக்கைக்குப் பின்சுவர், குளியலறைத் தரை, எல்லா இடத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனாலோ, சுவர்த்தாள் கொப்புளித்திருந்தாலோ அந்த வண்டி வேண்டாம். அலுமினியச் சட்டம் என்பது நல்லது, மரச்சட்டம்போல உளுத்துப்போகாது, ஆனால் உள்பலகையும் தரையும் நனைந்தால் கெடத்தான் செய்யும். ஈரம் அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து அழைத்துப் போவது வீண் செலவு இல்லை.

டயர் பூ தேயாமல் புதுசுபோல இருக்கும், நம்பாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெட்டுப்போகும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஏழு வருடத்தை நெருங்கிவிட்டால் அத்தனை டயரும் மாற்றும் செலவை விலையில் குறையுங்கள். கீழே குனிந்து சட்டத்தில் வெல்டிங் விரிசல், துரு பாருங்கள், கரடுமுரடான மண் சாலையில் அடித்து ஓட்டியிருந்தால் அங்கே தெரியும். குளிர்பெட்டியை கேஸிலும் மின்சாரத்திலும் தனித்தனியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வண்டியின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் 2 ஆஸ்திரேலிய வெள்ளி கட்டித் தேடினால் தெரிந்துவிடும், சட்டத்தில் பொறித்த விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு தேடுங்கள்.

ஜூரோங்_மீனா
இன்னொன்று. மேல்தட்டுப் படுக்கைக்கு எடை வரம்பு எழுதியிருக்கும், உங்கள் மகளுக்கு 11 வயது, இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் எங்கே இருப்பாளோ. தட்டின் நீளத்தையும் அளந்து வரச் சொல்லுங்கள், சிலது 1.8 மீட்டர்கூட இருக்காது. அம்மாவோடு பெரிய கட்டிலில் அவள் படுப்பது இப்போது சரி, 14 வயதில் அவளுக்குத் தனி இடம் வேண்டியிருக்கும். அப்போது அம்மாவுக்குப் பக்கத்திலேயே கேரவன் பார்க்கின் கேபின் ஒன்று எடுத்துவிடலாம், நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம், அத்தைக்கும் நிம்மதி.

செங்காங்_செல்வா
அண்ணன் சனிக்கிழமை போகிறார், ஈரம் அளப்பவரையும் பேசியாகிவிட்டது. 2400 கிலோ கணக்கில் டோபால் 240, எங்களுக்கு வண்டியில் மீதி 75 கிலோ. கூரைத் தட்டைக் கழற்றி வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடும் என்கிறார். கேரவனுக்குள் 440 கிலோ இடம் இருப்பதாகத் தகட்டுக் கணக்கு. ஆனால் விற்பவர் சோலாரும் ஏசியும் பிறகு பொருத்தியிருக்கிறார். உண்மையான காலி எடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரைம்மூவர்_முத்து
எடைமேடைக்குக் கொண்டுபோக விற்பவரைச் சம்மதிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே ஒரு பதில். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு இரண்டு தடவை எடை போட வேண்டும். முதலில் வண்டியோடு மாட்டியபடியே கேரவனின் சக்கரம் மட்டும் மேடையில். பிறகு கழற்றி, முன் தாங்குசக்கரத்தையும் சேர்த்து முழுக் கேரவனும் மேடையில். இரண்டாவதுதான் இன்றைய காலி எடை, அதை 2400இலிருந்து கழியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டோபாலில் இறங்கும் எடை. காலியாக இருக்கும்போதே அது 10 விழுக்காட்டுக்கு வெகுவாகக் குறைந்தால் அந்த அமைப்பு பின்னால் கனமானது, சாமான் ஏற்றினால் இன்னும் மோசமாகும். வாங்கியபின் நவம்பரில் ஐந்து பேரும் ஏறி, தண்ணீர் நிரப்பி, அரிசி மூட்டையோடு ஒருமுறை அதே மேடைக்குப் போங்கள். வண்டியின் முன் அச்சையும் பின் அச்சையும் அப்போது தனித்தனியாக எடை போட்டு எண்ணை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.